பத்து வருட வண்டி, இருபது வருட எஞ்சின்

டர்போ கார் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்களிடம் எஞ்சின் கம்ப்யூட்டரை டியூன் செய்வது பற்றிப் பேச்செடுத்தால், ஐந்து நிமிடத்துக்குள் சிஓஇ, அதாவது பத்து வருடம் வண்டி வைத்துக்கொள்ள இங்கே ஏலத்தில் வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், பேச்சுக்குள் வந்துவிடும். என் நண்பன் ஒருவன் சொல்வதை அப்படியே தருகிறேன்: "மச்சான், பத்து வருஷத்துல ஸ்கிராப்புக்குப் போற வண்டிக்கு இருபது வருஷம் ஓடுற எஞ்சின் எதுக்குடா? மிச்ச ஆயுச யாருக்கு விட்டுட்டுப் போறோம்? நாமளே எடுத்துக்க வேண்டியதுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. வண்டிக்கு முன்னால் ஒரு காகிதத்துக்கே அவ்வளவு கொடுத்த மனிதன், அந்தப் பத்து வருடத்துக்குள் வண்டியிடமிருந்து எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட நினைப்பதில் ஆச்சரியமில்லை. தமிழ்நாட்டில் ஒரே காரைப் பதினெட்டு, இருபது வருடம் வைத்து ஓட்டுகிற சொந்தக்காரர்களிடம் இந்த வாதம் எடுபடாது. இங்கே எடுபடும். அதனாலேயே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க ஆசை. இந்த வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதி எஞ்சின் எப்படிச் சாகிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருவது.

டியூன் என்பதில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இன்றைய டர்போ காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நேராகக் காற்று வழி திறந்துவிடுவதில்லை. இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும் என்ற கோரிக்கை கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்த டார்க்குக்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்), எவ்வளவு பெட்ரோல், தீப்பொறி எத்தனை டிகிரி முன்னால் என்று அது கணக்குப் போடுகிறது. வழியில் அடுக்கடுக்காகத் தடுப்புகள் இருக்கின்றன. உள்ளே வரும் காற்று ரொம்பச் சூடா? எக்ஸாஸ்ட் சூடா? சிலிண்டருக்குள் தப்பான வெடிப்பைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் எதையாவது கேட்டதா? கியர்பாக்ஸ் இவ்வளவு டார்க்கைத் தாங்குமா? இவற்றில் எது இல்லை என்று சொன்னாலும் டார்க் குறைக்கப்படும். இந்தக் கணக்குப் பட்டியல்களும் உச்ச வரம்புகளும் சேர்ந்ததுதான் ஃபைல்; டியூனர் செய்வது அதை மாற்றி எழுதுவது. ஃபைலை மட்டும் மாற்றினால் ஸ்டேஜ் 1. டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே வரும் வழி), இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) என்று பாகங்களையும் மாற்றி அதற்கேற்ற ஃபைல் போட்டால் ஸ்டேஜ் 2. டர்போவையே பெரிதாக்கினால் ஸ்டேஜ் 3. இந்த எண்களுக்குத் தரநிலை எதுவும் கிடையாது. ஒரு பட்டறையின் ஸ்டேஜ் 1 இன்னொன்றின் ஸ்டேஜ் 1-ஐ விட மிக முரட்டுத்தனமாக இருக்கலாம்.

எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. கார் கம்பெனி ஒரு எஞ்சினுக்கு ஃபைல் எழுதும்போது மட்டமான பெட்ரோல், பாலைவன வெயில், மலைமேல் ஏற்றம், எண்ணெய் மாற்ற மறந்த உரிமையாளர் என எல்லாவற்றையும் நினைத்து எழுத வேண்டியிருக்கிறது. விற்பனைப் பிரிவும் உள்ளே புகும். விலை குறைந்த மாடல் விலை உயர்ந்த மாடலை முந்திவிடக் கூடாது. சிங்கப்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. 2014 பிப்ரவரியிலிருந்து சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ-க்கு 1,600 சிசியோடு 97 கிலோவாட் என்ற வரம்பும் சேர்ந்தது. மெர்சிடீஸ் சி160, சி180 இரண்டிலும் ஒரே குடும்பத்து 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் வந்தது. ஒன்று 129 குதிரைசக்தி, மற்றது 156. வித்தியாசத்தில் பெரும்பங்கு ஃபைலின் எழுத்தில் இருக்கிறது, இரும்பில் இல்லை. (ஏ பிரிவில் வாங்கிவிட்டு 97 கிலோவாட்டைத் தாண்டி டியூன் செய்வது வேறு வகைச் சிக்கல். அதைப் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பேசுங்கள், என்னிடம் வேண்டாம்.)

ஃபோக்ஸ்வாகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ-ஐ எடுத்துக்கொள்வோம். இங்கே அரசுக் குடியிருப்புகளின் (வீவக) மூன்று கார்ப்பேட்டைகளைச் சுற்றினால் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். 2 லிட்டர், 220 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர். ஒழுங்கான ஸ்டேஜ் 1 ஃபைலில் 300-ஐ நெருங்குகிறது. உச்சக் குதிரைசக்தி எல்லாம் பரோட்டாக் கடைப் பேச்சுக்குத்தான். அது வரும் 5,500 ஆர்பிஎம்மில் நாம் வாரத்துக்கு எத்தனை விநாடி இருக்கிறோம்? ஓட்டுபவனுக்கு உண்மையாகக் கிடைப்பது 2,000-லிருந்து 4,000 ஆர்பிஎம்முக்குள் கூடும் டார்க். சறுக்குப் பாதையிலிருந்து தீவு விரைவுச்சாலைக்குள் நுழையும்போது, லாரிக்கும் லாரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குள் போய்ச் சேர அரை மிதி போதும். கியர் இரண்டு படி இறங்கி அலற வேண்டியதில்லை. வண்டி ஒரு சைஸ் பெரிய எஞ்சின் வாங்கிய மாதிரி அமைதியாகிவிடும். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், மறுப்பது நேர்மையில்லை. டியூன் செய்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பவர்களிடம் மட்டும் நான் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

இதே எஞ்சின் குடும்பத்தில் கோல்ஃப் ஆர் கம்பெனியிலிருந்தே 300 குதிரைசக்தியோடு வருகிறதே, அப்புறம் ஜிடிஐ தாங்காதா என்று கேட்பார்கள். கோல்ஃப் ஆரில் பிஸ்டன், எக்ஸாஸ்ட் வால்வு, வால்வு சீட், இன்ஜெக்டர், டர்போ எல்லாமே வேறு என்று ஃபோக்ஸ்வாகனே சொல்லியிருக்கிறது. 2019-இல் வந்த மெர்சிடீஸின் ஏஎம்ஜி ஏ45 எஸ் அதே 2 லிட்டரிலிருந்து 421 குதிரைசக்தி எடுத்தது. அதற்காக அவர்கள் சிலிண்டர் பிளாக்கை மேல்பக்கம் மூடிய அமைப்பில் வார்த்தார்கள். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் போட்டார்கள். டர்போவின் அச்சுக்கு ரோலர் பேரிங் வைத்தார்கள். 2 லிட்டரால் முடியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் 2 லிட்டரால் முடியும் என்பதற்குச் சாட்சி இல்லை.

இனி வெப்பம். டியூன் பற்றித் தமிழிலும் சரி, இங்குள்ள மற்றவர்கள் பேசும்போதும் சரி, நான் கேட்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு அனுபவத்திலிருந்து வருகிறது. ஜெர்மன்காரன் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அவன் எந்தக் காற்றில் ஓட்டினான்?

காற்றை அழுத்தினால் சூடாகும். எவ்வளவு என்பதைப் பள்ளி இயற்பியலிலேயே போட்டுவிடலாம். டர்போவின் கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். மதியம் கார்ப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டில் வெளியே 33 டிகிரி. கம்பெனி பூஸ்ட் 1 பார் என்றால், கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று கிட்டத்தட்ட 129 டிகிரி. டியூன் செய்து 1.4 பார் ஆக்கினால் 157. இதே 1.4 பாரை 15 டிகிரி குளிரில் ஓட்டும் ஐரோப்பியனுக்கு எவ்வளவு வரும் தெரியுமா? 132. அவன் டியூன் செய்து பார்க்கும் வெப்பத்தை நாம் ஒன்றுமே செய்யாமல் கம்பெனி கொடுத்த ஸ்டாக் ஃபைலிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது இன்டர்கூலருக்கு முந்தைய கணக்கு. ஆனால் இன்டர்கூலரும் 33 டிகிரிக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்க வேண்டும். விரைவுச்சாலை நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து, எஞ்சின் பெட்டியே வெந்துபோன பிறகு அதனிடம் எதிர்பார்க்க அதிகம் இல்லை. கம்பெனி ஒதுக்கி வைத்த பாதுகாப்பு இடைவெளியில் ஒரு பகுதியை இந்த ஊர் வெயில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. நண்பன் பங்கு போடுவது மிச்சத்தைத்தான், முழுசை இல்லை.

சூடான காற்று உள்ளே போனால் நாக். தீப்பொறியிலிருந்து கிளம்பிய தீ சிலிண்டருக்குள் பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடித்துவிடுவது. பிளாக்கில் திருகி வைத்த நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும். சக்தி குறையும், எஞ்சின் பிழைக்கும். ஆக்டேன் எண் 98 உள்ள பெட்ரோல் போடுங்கள் என்று டியூனர்கள் வற்புறுத்துவது இந்தத் தானாக வெடிக்கும் குணத்தைத் தள்ளிப்போடத்தான். 95 மட்டும் போடும் பழக்கமுள்ளவர், பாதி நேரம் பின்னுக்கு இழுக்கப்பட்ட தீப்பொறியோடு ஓட்டிக்கொண்டு டியூனுக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று யோசிப்பார்.

நண்பனின் வாதம் சறுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். அவன் எஞ்சினின் ஆயுளை வங்கிக் கணக்காக நினைக்கிறான். இருபது வருடம் போட்டு வைத்திருக்கிறார்கள், நான் வேகமாகச் செலவழித்தால் பத்தில் தீரும், கணக்கு நேர். தேய்மானம் மட்டும் இருந்தால் அது அப்படித்தான். பேரிங் தேயும், ரிங் தேயும், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் டியூன் செய்த டர்போ எஞ்சின் தேய்ந்து சாவதில்லை. ஒரு மாலை நேரத்தில், ஒரு நொடியில் உடைகிறது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பிளக்கிறது, அல்லது டர்போவின் தண்டு போகிறது. முந்தின நாள் வரை அது புதுசு மாதிரி ஓடியிருக்கும்.

ஜோகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வந்து இங்கே ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "தேஞ்சு போன டர்போ எஞ்சின் எங்கிட்ட வந்ததே கெடையாது தம்பி. அதுக்குள்ள சிஓஇ முடிஞ்சு போயிருது. வர்றதெல்லாம் உடைஞ்சதுதான்."

சுபாரு ரசிகர்களுக்கு இது புதிதில்லை. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ-யில் வந்த 2.5 லிட்டர் ஈஜே எஞ்சினில் ரிங் விளிம்பு பிளப்பது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். வார்ப்புப் பிஸ்டன், கொஞ்சம் நாக், கூடுதல் பூஸ்ட், முடிந்தது. அதன் பழைய எதிரியான மிட்சுபிஷி எவோவின் 4ஜி63 எஞ்சினுக்கு இரும்பு பிளாக். அது எவ்வளவோ பொறுத்துக்கொள்ளும். ஒரே காலத்து, ஒரே விலையளவில் வந்த இரண்டு கார்கள். டியூன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். எந்த எஞ்சின் என்று சொன்னால்தான் பேச முடியும். பிஎம்டபிள்யூவின் பி58 என்ற மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் (டொயோட்டா சுப்ராவிலும் அதுதான்) டியூனர்களின் செல்லப்பிள்ளை. அந்த பிளாக்கும் மேல்பக்கம் மூடியது. கம்பெனிக்கு அந்தப் புகழ் பிடிக்கவில்லை போலும். 2020 நடுவிலிருந்து வந்த எஞ்சின் கம்ப்யூட்டர்களைப் பூட்டி அனுப்பத் தொடங்கினார்கள்.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் புது தலைமுறை டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் நாக்கை விட மோசமான ஒன்று இருக்கிறது. குறைந்த வேகத்தில், அதிகச் சுமையில், தீப்பொறி வருவதற்கு முன்னாலேயே கலவை பற்றிக்கொள்வது. சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்த் துளி ஒன்று பறந்து வந்து திரியாக மாறுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நாக் சென்சார் இதைக் கேட்டு எதுவும் செய்ய முடியாது. கேட்கும்போதே நடந்து முடிந்திருக்கும். ஒரே ஒரு தடவை போதும், பிஸ்டன் போய்விடலாம். எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் வகைச் சுத்திகரிப்புப் பொருள் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற எண்ணெய்த் தரங்கள் வந்தன. டர்போ காருக்கு எண்ணெய் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் எஸ்பி அல்லது அதைவிடப் புதிய தரத்தின் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது, விலையுயர்ந்த ஏர் ஃபில்டர் வாங்குவதைவிட உருப்படியான செலவு.

இது நடப்பது பெரும்பாலும் 1,500-லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள், கால் அழுத்தி மிதித்திருக்கும்போது. மேலே நான் டியூனின் உண்மையான லாபம் என்று சொன்னேனே, கீழ் ஆர்பிஎம் டார்க், அதற்குப் பக்கத்து வீடு. பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் 1,800 ஆர்பிஎம்மிலேயே சுவர் மாதிரி எழும்பும் டார்க் கோட்டைக் காட்டி ஆசை காட்டுவார்கள். எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் பயமாக இருக்கும். நம் ஓட்டம் எப்படி? 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆறாவது கியரில், 1,700 ஆர்பிஎம்மில் மிதந்துகொண்டிருப்போம்; மேம்பாலம் ஏறும்போது கியர் இறங்காத அளவுக்கு நீளமாக மிதிப்போம். இதற்காகவே செய்த மாதிரி. நல்ல டியூனர் 2,500 வரை டார்க்கை அடக்கி வைத்து, அதற்குமேல் விடுவார். அப்படி எழுதிய ஃபைல் முதல் ஓட்டத்தில் அவ்வளவு உற்சாகமாகத் தெரியாது, அதனால் விற்பதும் கடினம்.

கியர்பாக்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜிடிஐ-யின் ஆறு கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்), 2003-இல் வெளிவந்தபோது 350 நியூட்டன் மீட்டருக்குக் கணக்கிடப்பட்டது. பின்னால் கோல்ஃப் ஆரில் 380 வரை போனது. ஸ்டேஜ் 1 ஃபைல்கள் சர்வசாதாரணமாக 400-ஐத் தாண்டும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் என்பதால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிலும் அழுத்தத்தைக் கூட்டி எழுதினால் சமாளிக்கும். ஆனால் அது தனிச் செலவு. ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி-யின் வரம்பு 250. அதோடு வந்த 1.4 லிட்டர் டர்போ எஞ்சினான டிஎஸ்ஐ-யில் 150 குதிரைசக்தி வகை கம்பெனியிலேயே 250-ஐத் தொட்டு நிற்கிறது. டியூனே இல்லாமல் இங்கே எத்தனை பேர் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள் என்று எந்தப் பட்டறையிலும் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் டியூன் செய்பவரின் துணிச்சல் எனக்கு இல்லை.

வாரண்டி பயத்தில் பலர் ஃபைலைத் தொடாமல் ஒரு சிறு பெட்டியைச் செருகிக்கொள்கிறார்கள். பிக்கிபேக் என்பார்கள். சர்வீஸுக்கு முன்னால் கழற்றிவிடலாம். அது செய்வது பொய் சொல்வது: பூஸ்ட் சென்சார் 1.3 பார் என்று சொல்ல, பெட்டி அதை 1.0 என்று மாற்றி எஞ்சின் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். கம்ப்யூட்டர் பாவம், 1.0-க்கு உரிய தீப்பொறி நேரத்தை எடுத்துக்கொள்ளும். கியர்பாக்ஸுக்கும் குறைந்த டார்க்கைச் சொல்லி அனுப்பும், கியர்பாக்ஸ் அதற்கேற்ற அழுத்தத்தில் கிளட்சைப் பிடிக்கும், கிளட்ச் வழுக்கும். நல்ல பெட்டிகள் மற்ற சென்சார்களையும் பார்த்து ஈடு செய்கின்றன. இருந்தாலும் முழு உண்மையும் தெரிந்த கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவை, ஏமாற்றப்பட்ட கம்ப்யூட்டர் எடுக்க முடியாது. மறைப்பதற்கு வசதி என்பது அந்தப் பெட்டியின் முதல் குணம், இரண்டாவது குணம் என்ன என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெட்ரோலைப் பற்றி இன்னும் கொஞ்சம். இங்கே 98 கிடைக்கிறது, சரி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகும்போது? மலேசியாவில் வெளிநாட்டு வண்டிக்கு ரோன் (ஆக்டேன் எண்) 95 விற்கக் கூடாது. பொதுவாகக் கிடைப்பது 97. ஒரு எண் வித்தியாசம் பெரிதில்லை, நாக் கட்டுப்பாடு சமாளித்துவிடும். ஆனால் 98-இன் கடைசிச் சொட்டு வரை பிழிந்து எழுதிய ஃபைலோடு, நண்பகல் வெயிலில், வண்டி நிறைய ஆளோடு, ஏற்றத்தில் முழு மிதி என்றால் சமாளிக்க வேண்டியது ஒன்றுக்கு மேல் ஆகிவிடும். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது என்ற விதியைத் திட்டாத ஓட்டுநர் இல்லை. டியூன் செய்த வண்டிக்கு மட்டும் அது நல்லது செய்கிறது. பாதி வழிக்கு மேல் நம் ஊர் 98-லேயே போய்விடலாம். சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் தனி இனம். 5.543 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்கோடுகள், நம்முடையதைப் போன்ற வெயில். தெருவுக்கு எழுதிய ஃபைலோடு அங்கே பத்து நிமிடம் தொடர்ந்து மிதித்தால் எண்ணெய் வெப்பமானி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

சட்டமும் காப்புறுதியும் சலிப்பான பகுதி, வேகமாகக் கடந்துவிடுகிறேன். எக்ஸாஸ்ட் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய டவுன்பைப்புக்கு எந்த ஒப்புதலும் கிடைக்காது. மூன்று வருடம் முடிந்ததும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்து முடிந்தால் வருடாவருடம் சோதனை. புகையும் சத்தமும் அங்கே அளக்கப்படும். ஃபைலைப் பற்றி வாயைத் திறக்காமல் காப்புறுதி எடுத்தவர், பெரிய விபத்தில் அவர்கள் வண்டியை ஆராய ஆரம்பித்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பிரீமியம் ஏறும் அல்லது முடியாது என்பார்கள்; இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய பதில்கள்.

எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் வெப்பத்தில் அளந்த எண்ணை 25 டிகிரிக்கு என்று திருத்தி எழுதும் பழக்கம் உண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தத் திருத்தம் நியாயம். டர்போ எஞ்சின் மெல்லிய காற்றைத் தானே பூஸ்டால் ஈடுகட்டப் பார்க்கிறது. அதற்கு மேல் கணக்கிலும் ஈடு சேர்த்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை இழப்பீடு. காகிதத்தில் 310 என்று இருந்தால் திருத்தாத எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, டியூனுக்கு முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில், ஒரே மாதிரி வெப்பத்தில் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எண்ணைவிட எனக்கு வேண்டியது லாக், அதாவது ஓடும்போது கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பதிவு. மூன்றாவது கியரில் 2,000-லிருந்து மேலே வரை ஒரே இழுப்பு. அதில் ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எவ்வளவு பின்னுக்கு இழுக்கப்பட்டது, உள்ளே வந்த காற்றின் வெப்பம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், பெட்ரோல் பம்ப் அழுத்தம். அங்கங்கே ஒன்றிரண்டு டிகிரி இழுத்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே சிலிண்டர் ஒவ்வொரு இழுப்பிலும் நாலைந்து டிகிரி இழுத்தால் அந்த ஃபைல் இந்த ஊருக்கு எழுதப்பட்டதில்லை. டியூனரிடம் நான் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: எதைத் தொடவில்லை? காற்று வெப்ப வரம்பு, எக்ஸாஸ்ட் வெப்பப் பாதுகாப்பு, நாக் கட்டுப்பாடு இவற்றை அப்படியே விட்டிருக்கிறேன் என்பவரோடு பேசலாம். அதெல்லாம் தொந்தரவு, எடுத்துவிட்டேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

நண்பன் கடைசியில் டியூன் செய்தான். நான் தடுக்கவில்லை. முதலில் பெரிய இன்டர்கூலர், பிறகு எண்ணெய், புது ஸ்பார்க் பிளக், கியர்பாக்ஸ் ஃபைல், எல்லாம் முடிந்து எஞ்சின் ஃபைல் என்ற வரிசையில் போகச் சொன்னேன். இவ்வளவு செலவுக்குப் பிறகும் கீழ் ஆர்பிஎம்மில் அடக்கி எழுதச் சொன்னதில் அவனுக்குக் கோபம். "காசு குடுத்து கட்டிப்போடச் சொல்றியே" என்றான். வண்டி நன்றாகப் போகிறது, ஓட்டிப் பார்த்தேன், என் வண்டியைவிட நன்றாகவே போகிறது. வேடிக்கை என்னவென்றால், சிஓஇ விலையைப் பார்த்துவிட்டு இப்போது பத்து முடிந்ததும் இன்னொரு பத்துக்குப் புதுப்பிக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். மிச்ச ஆயுளைப் பற்றிய தத்துவம் என்ன ஆயிற்று என்று கேட்டால் டீயைக் குடி என்கிறான்.

புதுப்பிக்கும் வண்டிகள் பெருகுவதால் இரண்டாம் கையாக வாங்குபவர்களுக்கும் சில வரிகள். ஐந்து, ஆறு வருடமான ஜிடிஐ, ஏ45, எஸ்டிஐ எதை வாங்கினாலும் அது ஒரு காலத்தில் டியூன் செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே பாருங்கள். விற்பதற்கு முன் ஸ்டாக் ஃபைலைத் திருப்பி எழுதிவிடுவது வழக்கம். ஆனால் கம்ப்யூட்டரை எத்தனை முறை எழுதினார்கள் என்ற எண்ணிக்கை பல மாடல்களில் உள்ளேயே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டியில் டியூன் செய்தது கண்டுபிடிக்கப்பட்டதைக் குறிக்கும் டிடி1 என்ற குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையம் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சின்ன கேமரா விட்டுப் பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரிலும் அழுத்தச் சோதனை செய்து எண்களை எழுதி வாங்குங்கள். நான்கும் நெருங்கி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனியாக இறங்கி நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் நேரமில்லை என்று விற்பவர் சொன்னால், கார்க் கடைகள் வரிசையாக இருக்கும் சின் மிங்கில் அடுத்த கடையிலும் அதே வண்டி நிற்கிறது.